சிவப்பிக்குக் குளிரும்

“கண்ணாடியைக் காட்டு,” என்றார் பிலேந்திரன்.

றோஸ் தும்மினாள். கராஜின் ஒற்றை விளக்கு அந்தத் தும்மலுக்குப் பயந்ததுபோல ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. கையில் கைபேசி. காலடியில் சப்பாத்திலிருந்து உதிர்ந்த பனி. எதிரே, போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்ட நோயாளியைப்போல, பாதி உறை விலகிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

“காட்டுறன்தானே. இந்தா, முன் ரயர். காத்துக் குறையேல்லை. இந்தா, பின் ரயர்...”

“ரயர் எங்கை ஓடப்போகுது? கண்ணாடியைக் காட்டு. றைவர் பக்கத்துக் கண்ணாடி.”

கைபேசியைக் காரின் பக்கக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள்.

“மேலை தூக்காதை. கொஞ்சம் பதிச்சுப் பிடி. இன்னும்... ஆ. அப்பிடியே நில்.”

அப்படியே நின்றாள். பிலேந்திரன் போயிருந்த ஊர்காவற்றுறையில் அது இராச்சாப்பாட்டு வேளை. கைபேசிக்குள் சோற்றுக் கோப்பைகள் முட்டுகிற சத்தம், பிலேந்திரனின் அண்ணன் சவிரிமுத்து இருமுகிற சத்தம், அண்ணன் மனைவி மேரியம்மா யாருக்கோ சோறு போட்டபடியே அதட்டுகிற சத்தம். ஒஸ்லோவில் பின்னேரம்தான், ஆனால் வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. டிசெம்பர் மாதத்தில், அவர்கள் வீடு இருக்கிற மோர்டென்ஸ்ருட்டின் பகல் ஒரு கொட்டாவி அளவுதான். வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும்.

“சரி, வை,” என்றார் பிலேந்திரன். வைத்துவிட்டார்.

பிலேந்திரன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். நாள் முழுக்க ஊரை ஏற்றி இறக்குகிற மனிதனுக்கு, இரண்டு பேருக்குமேல் ஏற முடியாத ஒரு வாகனத்தில் ஆசை வந்ததில் நியாயம் இருக்கத்தான் செய்தது. இருபது வயதான கார். மண்ணிறத் துணிக்கூரை. வாங்கிய அன்றே அதற்குச் ‘சிவப்பி’ என்று பெயர் வைத்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கையில் இந்த வேகம் இருக்கவில்லை. இப்போது வேறு ஊரில் படிக்கிற மகன் ஜோனாஸ், ஞானஸ்நானத் தொட்டிவரை ‘பேபி’யாகத்தான் போனான்.

குளிர்காலத்தில் நோர்வேத் தெருக்களுக்கு உப்புப் போடுவார்கள். உப்புப் பட்டால் இரும்பு கறள் பிடிக்கும். ஆகவே இப்படிப்பட்ட கார்களை ஒக்டோபரில் குளிப்பாட்டி, மெழுகு பூசி, வயிறு நிறையப் பெற்றோல் ஊற்றி, போர்த்துப் படுக்க வைத்துவிட்டு மே மாதம்தான் எழுப்புவார்கள். கரடிக்கும் இதே ஒழுங்குதான். தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் எந்த நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை.

இந்த வருடம் சவிரிமுத்துவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. பார்த்துக்கொள்ள ஆம்பிளை வேண்டும் என்று பிலேந்திரன் மூன்று மாத விடுப்பில் போய்விட்டார். விமான நிலையத்தில் கராஜ் திறப்பை றோஸின் உள்ளங்கையில் வைத்து மூடியபோது அவருடைய கை நடுங்கியது. தாலி கட்டும்போது நடுங்காத கை.

“வடிவாப் பாத்துக்கொள். ஒரு பழுதும் இல்லாமல் நிண்டுதெண்டால், மே மாசம் உனக்கும் ஒருக்கா ஓடத் தருவன்.”

றோஸுக்குக் கார் ஓட்டத் தெரியும். வீட்டின் பழைய காரை அவள்தான் ஓட்டுகிறாள். அரிசி மூட்டை, கோயில் சாமான், பல்லுவலிக்காரர் எல்லாம் அவளுடைய பயணிகள். சிவப்பியின் ஸ்ரியறிங்கை மட்டும் அவள் தொட்டதில்லை. செப்டெம்பர் மாதத்துக்குப் பிறகு கேட்கவும் இல்லை. செப்டெம்பரில் திருவிழாவுக்குச் சோறு சமைத்த பெரிய கிடாரத்தைக் கராஜுக்குள் தூக்கிக்கொண்டு போனபோது, அதன் பிடி சிவப்பியின் பக்கக் கண்ணாடியில் உரசிவிட்டது. கீழ் விளிம்பில் மயிரிழை அளவு கீறல். பிலேந்திரன் ஒரு வாரம் கதைக்கவில்லை.

ஆகவே ‘கண்ணாடியைக் காட்டு, பதிச்சுப் பிடி’ என்றால் என்ன அர்த்தம் என்று றோஸுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதல் நாள் அழைப்பில் அவள் தவறுதலாகத் தன் முகத்தைக் காட்டிவிட்டாள். மேரியம்மா பார்த்துவிட்டு, “ஐயோ! பெண்சாதியைப் பாக்காமல் தம்பிக்குச் சோறு இறங்காதாம்!” என்று கூவ, மேசையே விழுந்து விழுந்து சிரித்தது.

“என்னத்துக்கு உன்ரை மூஞ்சை? காரைக் காட்டு!” என்று பிலேந்திரன் பாய்ந்தார்.

அன்றிலிருந்து அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பவில்லை. ரோசம் யாருக்குத்தான் இல்லை?

ஆனால் பிலேந்திரனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அழைப்பு முடிந்ததும் அவள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. காரின் பூட்டாத கதவைத் திறந்து ஸ்ரியறிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கண்ணை மூடுவாள். கராஜ் கதவு பனிக்கட்டிபோல உருகி வழிந்துவிடும். சிவப்பி சத்தமே இல்லாமல் வெள்ளைத் தெருவில் இறங்கி, ரயில் கடைசியாக நிற்கும் இடத்தைத் தாண்டி, கறுத்த ஊசியிலை மரங்களுக்கு நடுவே மிதந்துபோகும். கூரை தானாகத் திறக்கும். பனி கொட்டும், குளிராது. ஒவ்வொரு வளைவிலும் அவள் வேலை செய்கிற பார்னஹாகே என்ற பாலர் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் குண்டுக் குண்டு உடுப்புகளோடு நின்று கைகாட்டுவார்கள். கீழே கடல் தெரியும். பக்கத்து இருக்கையில் பிலேந்திரன், மடியில் கிடாரத்தோடு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

இதற்காகவே மே மாதம்வரை எந்தக் குளிரையும் தாங்கலாம் என்று றோஸ் தீர்மானித்திருந்தாள்.

மறுநாள் குளிர் இன்னும் இறங்கியது. கைபேசி அவள் கையில் ஆடியது.

“என்ன நடுங்குது?” என்றார் பிலேந்திரன்.

“வெளியிலை மைனஸ் பன்னிரண்டு. நடுங்காமல் ஆடுமோ?”

கோப்பையைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது. “வீட்டிலை அந்த ஓடுற ஹீற்றர் ஒண்டு கிடக்கெல்லே? அதைக் கொண்டுவந்து கராஜுக்கை போடு.”

“காருக்கோ?”

“...ஓம். காருக்குத்தான். துணிக்கூரையெல்லே.”

சில்லு வைத்த ஹீற்றர் வீட்டில் ஒன்றுதான், அதுவும் படுக்கையறையில். அதை உருட்டிக்கொண்டு பனிக்குள் இழுத்துப் போனாள். அன்று முதல் சிவப்பி சூட்டில் நித்திரை கொண்டாள். றோஸ் இரண்டு போர்வைக்குள் மேலங்கியோடு நித்திரை கொண்டாள். பெண்கள் பொறுமையின் சின்னம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு வீட்டில் யாரோ ஒருத்தி ஹீற்றர் இல்லாமல் சமைத்துப் போடுகிறாள்.

சூடு வந்தது. சூட்டுக்குப் பின்னால் ஈரம் வந்தது. சப்பாத்துப் பனியெல்லாம் உருகி ஆவியாகி, சுவர் வியர்த்தது, கூரைத் துணி வியர்த்தது, கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம்போலப் புகார் படிந்தது.

“ஒண்டும் தெரியேல்லை,” என்றார் பிலேந்திரன். “மங்கலாக் கிடக்கு.”

“துடைக்கிறன்.”

“துடைச்சும் தெரியேல்லை! என்ன செய்து வைச்சிருக்கிறாய்?” பார்வை போன மனிதனின் பதற்றம் அந்தக் குரலில் இருந்தது.

றோஸும் பதறிப்போனாள். கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது பார்னஹாகேயில் வேதவாக்கு. அங்கே உரியவர் இல்லாமல் கிடந்த இரண்டு கம்பளித் தொப்பிகளைக் கேட்டு வாங்கிவந்து, பூப்பந்து தொங்க, சிவப்பியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும் போட்டுவிட்டாள்.

“ஆர் கண்ணாடிக்குத் தொப்பி போட்டது?”

“ஈரம் படியாமல் இருக்க...”

“கழட்டு! இப்ப கழட்டு! கண்ணாடியை மூடுறதுக்கோ நான் உனக்கு ஒவ்வொரு நாளும் எடுக்கிறன்?”

மேசையில் யாரோ புரையேறி இருமினார்கள். றோஸ் தொப்பிகளைக் கழற்றினாள். கீறலை மறைக்கப் பார்த்தேன் என்று நினைத்துவிட்டார் என்பது அவளுக்கு விளங்கியது.

எதிர்வீட்டுப் பூபாலசிங்கத்திடம் போனாள். பூபாலசிங்கம் மட்டக்களப்பார், ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தப் பொருள் பழுதானாலும் திருத்துகிற வழி அவருக்குத் தெரியும். அவர் திருத்திய பொருள் ஒன்றைத்தான் இன்னும் யாரும் கண்ணால் காணவில்லை.

“இதுக்குப் போய் யோசிக்கிறீங்களா தங்கச்சி? உப்புப் போத்தலுக்குள்ள நாலு அரிசி போட்டு வைக்கிறதில்லையா?”

“ஓம், வைக்கிறதுதான்.”

“ஏன் வைக்கிற? அரிசி ஈரத்தக் குடிச்சிரும். உப்புக்குச் செய்யிறதக் காருக்குச் செஞ்சா மறுகா என்ன? காரு பெருசு, அரிசியக் கொஞ்சம் கூடப் போடுங்க. அவ்வளவுதான்.”

நியாயமாகத்தான் பட்டது. பத்துக் கிலோ சம்பா அரிசியைப் பிலேந்திரனின் கம்பளிக் காலுறைகளுக்குள் நிரப்பி முடிச்சுப் போட்டாள். இருக்கைகளில் நாலு, காலடியில் நாலு, முன்தட்டில் இரண்டு. உடம்பில்லாத ஒரு கூட்டம் காலை மட்டும் அனுப்பி இடம் பிடித்து வைத்திருப்பதுபோல இருந்தது.

புகார் விலகியது. கண்ணாடி தெளிந்தது.

“ஆ,” என்றார் பிலேந்திரன். “இப்ப வடிவாத் தெரியுது.” கோப்பையில் சோறு பிசையும் சத்தம் திருப்தியாகக் கேட்டது.

கண்ணாடிக்குள் கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாக யாரோ ஒருத்தி நின்றாள். றோஸ் அவளைக் கவனிக்கவில்லை. அவள் பார்த்தது கீறலை.

நத்தார் பண்டிகை முடிந்த கிழமை, காருக்குள் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கனவில் வானத்திலிருந்து சம்பா அரிசி கொட்டியது. தெருவெல்லாம் அரிசி, கூரையெல்லாம் அரிசி, அரிசியை ஒதுக்க மஞ்சள் விளக்கோடு பெரிய வாகனங்கள் ஓடின. பார்னஹாகேப் பிள்ளைகள் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டு, இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். கிட்ட வந்தபோது பார்த்தால், பிள்ளைகள் இல்லை. எலிகள். கயிற்றை விடாமல் ஒழுங்காக வரிசையில் வந்து, காருக்குள் ஏறி, அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தன.

மொறுமொறு என்று சத்தம்.

கண்ணை விழித்தாள். மொறுமொறு நிற்கவில்லை.

முன்தட்டுக்குக் கீழே சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிலேந்திரனின் காலுறையைப் பஞ்சாக நார் உரித்துப் போட்ட மெத்தை. மெத்தையில் ஒரு குடும்பம். தலைவன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்து, குளிருது என்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

“எலியா?” என்றார் பூபாலசிங்கம், ஒரு துளியும் கலங்காமல். “அரிசி வச்சா எலி வரும்தானே.”

“அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை!”

“அண்டைக்கு நீங்க ஈரத்தப் பத்தித்தானே கேட்டீங்க? விடுங்க. நம்மட வெள்ளையனக் கொண்டு போங்க.”

வெள்ளையன் பூபாலசிங்கத்தின் பூனை. மூன்று வேளையும் மீன் தின்று, சோபாவின் மூன்றாவது மெத்தைபோல இருந்த மிருகம். அதைக் கராஜில் விட்டால் திரும்பி வீட்டுக்கு நடந்துவிடும் என்பதால், பூபாலசிங்கமே வழியும் சொன்னார்: காருக்குள் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு.

கருவாடு வேலை செய்தது. வெள்ளையன் தங்கிவிட்டான். எலிகளும் கருவாடு தின்னப் பழகின. இரு தரப்பும் ஒரே கோப்பையில் உண்டு, ஒரே ஹீற்றரில் குளிர் காய்ந்து, மொறுமொறுவும் குறட்டையுமாகச் சிவப்பிக்குள் ஒரு சமாதான காலம் நிலவியது. மூடிய காருக்குள் சூடேறிய கருவாட்டின் மணத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கொண்டுவரவும் கூடாது.

பொழுது போகாத நேரத்தில் வெள்ளையன் துணிக்கூரையில் ஏறி நகம் தீட்டினான்.

“கூரையைக் காட்டட்டோ?” என்று றோஸ் ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கூரையிலை என்ன கிடக்கு? கண்ணாடியைக் காட்டு.”

அந்தோனியாரே, நன்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தோனியார் அதற்குமேல் உதவவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, என்ன தோன்றியதோ, வெள்ளையனுக்குத் தான் ஒரு பூனை என்ற எண்ணம் வந்துவிட்டது. எலித் தலைவன் முன்தட்டிலிருந்து பாய, இவன் பாய, கிழிந்த கூரையால் இருவரும் வெளியே பாய, சுவர்த்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த திருவிழாக் கிடாரம் உருண்டது. றோஸ் கராஜ் கதவைத் திறந்தபோது அது காற்றில் இருந்தது. அவள் வாழ்நாளில் எதுவும் அவ்வளவு மெதுவாக விழுந்ததில்லை. அலுமினிய நிலவொன்று ஆறுதலாக இறங்கி வந்து, சிவப்பியின் பக்கக் கண்ணாடியில் மணியடித்துவிட்டு, தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

கண்ணாடி கூட்டோடு முறிந்து, வயரில் தொங்கியது. தொட்டாள். கையோடு வந்துவிட்டது. அதிசயமாகக் கூட்டுக்குள் இருந்த கண்ணாடி மட்டும் உடையவில்லை. அந்தப் பழைய கீறலும் பத்திரமாக இருந்தது.

ட்வெய்ட்டாப் பக்கம் சின்னதாகக் கார் திருத்தும் இடம் வைத்திருக்கிற நிருஜன் வந்து பார்த்தான். காருக்குள் தலையை விட்டவன் உடனே வெளியே எடுத்தான்.

“அன்ரி, ஆராவது செத்துப்போச்சினமோ?”

“நெத்திலி தம்பி.”

“லெட்னிங் எல்லாம் எலி வெட்டியிருக்கு. வயரெல்லாம் புதுசாப் போடோணும். கூரை ஹெல்ட், முழுக்க முடிஞ்சுது. கண்ணாடியும் புதுசு. பார்ட்ஸ் வர நாலைஞ்சு கிழமை எடுக்கும் அன்ரி.”

“அதுவரைக்கும் கார்?”

“என்னட்டைத்தான் நிக்கும்.”

சிவப்பி லொறியின் முதுகில் ஏறி, உறை காற்றில் படபடக்க, பனிக்குள் போய் மறைந்தாள். கராஜ் வெறுமையாக இருந்தது. றோஸின் கையில் முறிந்த கண்ணாடி. பிலேந்திரன் அழைக்க இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. மே மாதமும், வளைந்த கடற்கரைத் தெருவும், கைகாட்டும் பிள்ளைகளும் கண்முன்னாலேயே கரைந்து போயின. இந்த மனிதன் மயிரிழைக் கீறலுக்கு ஒரு வாரம் வாய் திறக்காதவர். இதற்கு? இரண்டு பேரும் கல்லறைக்குப் போனாலும் பக்கத்துக் குழியில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுப்பார்.

தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், குசினிக் கதிரையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள்.

கதிரையின் முதுகில் தன் கூறைச்சேலையை இழுத்துப் போர்த்தினாள். நல்ல சிவப்பு. கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து, அகலமான பிசின் ரேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். பின்னால் ஒரு சாம்பல் போர்வையைத் தொங்கவிட்டாள்.

கைபேசி அடித்தது.

“கண்ணாடியைக் காட்டு.”

காட்டினாள்.

“கொஞ்சம் பதிச்சுப் பிடி... ஆ. இண்டைக்கு நல்ல வெளிச்சமாக் கிடக்கு.”

“பல்ப் மாத்தினனான்.”

“நல்லது. பின்னாலை என்ன சிவப்பு?”

“என்ன கேள்வி இது? கார்!”

“ஓ.”

அதே நேரம் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது.

“உதென்ன சத்தம்?”

“வெளியிலை... பனி அள்ளுற மெஷின்.”

மேசையில் யாரோ கெக்கட்டமிட்டுச் சிரிக்க, யாரோ “உஸ்” என்றார்கள். சாப்பாட்டு மேசையில் ஆயிரம் பகிடி இருக்கும் என்று றோஸ் அதைக் காதில் போடவில்லை.

“சரி, கார் நல்லாக் கிடக்கு,” என்றார் பிலேந்திரன். “வை.”

கதிரையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது அவளுக்கு. இவ்வளவுதானா? ஒரு துண்டுக் கண்ணாடியும் ஒரு சேலையும் போதுமா ஓர் ஆம்பிளையை ஏமாற்ற? இது தெரியாமல்தானா இத்தனை வருடம் உண்மை பேசிக் காலத்தை வீணாக்கினாள்?

ஹீற்றர் படுக்கையறைக்குத் திரும்பியது. நடுக்கம் நின்றது. குசினிச் சூட்டில் மேலங்கி வேண்டாம், தொப்பி வேண்டாம். ஒவ்வொரு பின்னேரமும் கதிரையைப் போர்த்தி, கண்ணாடியை ஒட்டி, கைபேசியைப் பதித்துப் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போய்வந்த பச்சைச் சேலையோடேயே நின்று காட்டினாள். அன்று மறுமுனையில் பேச்சே இல்லை. “ஹலோ? ஹலோ? லைன் நிண்டிட்டுதோ?” என்று அவள்தான் கத்தவேண்டி வந்தது.

“இல்லையில்லை,” என்றார் பிலேந்திரன், தொண்டையைச் செருமிக்கொண்டு. “நிக்குது. அப்பிடியே பிடி.”

அன்று கனவில் கதிரையே ஓடியது. கூறைச்சேலை காற்றில் பறக்க, ஒற்றைக் கண்ணாடியோடு, உறைந்த கடலின்மேல் சறுக்கிக்கொண்டு போனாள் றோஸ். பக்கத்து இருக்கை இல்லை. கிடாரமும் இல்லை. கண்ணாடிக்குள் மட்டும் ஒருத்தி அவளோடேயே வந்துகொண்டிருந்தாள்.

பெப்ரவரி முடியும் முன்பே பிலேந்திரன் திடீரென்று சொன்னார். “அண்ணை எழும்பி நடக்கிறார். நான் அடுத்த கிழமை வாறன்.”

“ஏன் இவ்வளவு கெதியா? இன்னும் பனி போகேல்லை. கார் எடுக்க ஏலாது!”

“கார் கிடக்கட்டும். நான் வாறன்.”

நிருஜனுக்குக் கொடுத்த கரைச்சலில் அவன் வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டுச் சிவப்பியை முடித்து, பிலேந்திரன் வருவதற்கு முதல் நாள் கொண்டுவந்து இறக்கினான். வயர் புதுசு. கண்ணாடி புதுசு. கூரையும் புதுசு, ஆனால் கறுப்பு. மண்ணிறம் கிடைக்கவில்லையாம். நெத்திலி மணம் மட்டும் பழையது. றோஸ் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள், கோப்பிக் கொட்டை போட்டாள், சாம்பிராணி காட்டினாள். கடைசியில் கோப்பிக் கடைக்குள் ஒரு கருவாட்டுப் பூசை நடந்ததுபோல மணத்தது. ‘கூரை முந்தியே கறுப்புத்தானே, நீங்கள் மறந்துபோனியள்’ என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிக்கொண்டாள்.

பிலேந்திரன் வந்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு கராஜைத் தாண்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே குசினிக்கு வந்து, அந்தக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டார்.

அடுத்த நாளும் கராஜுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. குசினிக் கதிரையை விட்டு எழும்பவே மனமில்லாதவர்போல உட்கார்ந்து, அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரைப் பாக்கேல்லையோ?” என்று றோஸே கேட்டாள். வயிற்றுக்குள் வெள்ளையனும் எலியும் ஓடின.

“நிக்குதுதானே?”

“நிக்குது.”

“பின்னை என்ன?” சட்டைப்பையிலிருந்து சிவப்பியின் திறப்பை எடுத்து, அவளுடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். “இதை நீயே வைச்சிரு. மே மாசம் நீ ஓடு. நான் பக்கத்திலை இருக்கிறன்.”

றோஸ் திறப்பைத் தொடவில்லை. பொறி. எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். பிறகு பயம் வடிந்து, அதன் அடியில் கிடந்த கோபம் மேலே வந்தது. மூன்று மாதம்! விறைத்த விரலோடு, ஒழுகின மூக்கோடு, கண்ணாடியைக் காட்டு கண்ணாடியைக் காட்டு என்று உயிரை எடுத்த மனிதன், வந்து ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை! திறப்பைப் பறித்துக்கொண்டு வாசலைத் திறந்தாள்.

“எங்கை போறாய்?”

“உங்கடை செல்லப்பிள்ளையிட்டை!”

சிவப்பிக்குள் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். கோப்பியும் கருவாடும் மணத்தன. கராஜ் வாசலால் நீல வெளிச்சம் சரிந்து வந்து மடியில் கிடந்தது. மார்ச் வருகிறது, பின்னேரங்கள் நீளத் தொடங்கிவிட்டன. கூரைகளிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. மேரியம்மா.

“என்னடி, உன்ரை மனுசன் வந்து சேந்திட்டானோ?”

“வந்திட்டார் அக்கா. வந்து என்னத்துக்கு? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ. அங்கை இருந்த மூண்டு மாசமும் ஒரு நாள் விடாமல் காரைக் காட்டு, காரைக் காட்டு எண்டு என்னைக் கொண்டவர். இஞ்சை வந்து ஒருக்கால் கராஜ் பக்கம் திரும்பிப் பாக்கேல்லை. கூரை கிழிஞ்சு, வயர் அறுந்து, கண்ணாடி முறிஞ்சு, நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். மனுசனுக்கு ஒண்டும் தெரியாது!”

மறுமுனையில் மேரியம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு இருமலாகி, தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டு, மறுபடி சிரிப்பாகியது. றோஸ் எரிச்சலோடு தலையைத் திருப்பினாள். புதுக் கண்ணாடிக்குள் ஒருத்தி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

“அடி விசரி,” என்றாள் மேரியம்மா. “நீ கண்ணாடியைக் கதிரையிலை கட்டின அண்டைக்கே இஞ்சை எல்லாருக்கும் தெரியும், அவன்தான் ‘ஒருத்தரும் வாய் திறவாதையுங்கோ, அவள் வெக்கப்பட்டுக் கழட்டிப்போட்டாளெண்டால் பிறகு நான் அவளின்ரை முகத்தை எதுக்குள்ளை பாக்கிறது’ எண்டு எங்களைக் கும்பிட்டவன்!”